பெரிய சேட்டின் மெத்தை

போன வாரம் முதலாளி மகன் நரேஷ் தம்பி போன் செய்தார். "அக்கா, நம்ம கடைக்கு வெப்சைட் பண்றோம். கடை எப்படி ஆரம்பிச்சதுனு ஒரு பக்கம் வேணும். அப்பாவக் கேட்டா ஒவ்வொரு தபாவும் ஒவ்வொரு மாதிரி சொல்றாரு. நீங்க எழுதிக் குடுங்க" என்றார். அரைப் பக்கம் போதுமாம். அதற்கு மேல் யாரும் படிக்க மாட்டார்களாம்.

அரைப் பக்கத்தில் அடங்குகிற சங்கதியா இது? எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன். வேண்டாததை அவர் எடுத்துவிடட்டும்.

நான் திருவண்ணாமலையில் ஒரு மார்வாடிக் குடும்பத்தின் பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் வேலை பார்த்தவள். எவர்சில்வர் குடத்தின் கழுத்திலும் தட்டின் விளிம்பிலும் சின்ன எழுத்தில் பெயர் இருக்குமே, அதை மிஷின் ஊசியால் எழுதுகிறவள். அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கழனி வேலை. எனக்கு மட்டும் வெயில் ஆகாது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாவது முடித்த கையோடு கடையில் கொண்டுவந்து விட்டார்கள். பழைய தட்டுகளில் கிறுக்கிக் கிறுக்கி ஒரு மழைக்காலத்துக்குள் தொழில் பிடிபட்டுவிட்டது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

முறையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். மடியில் சாக்கை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் பாத்திரத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஊசி அதிர்கிற அதிர்வில் குடம் தானாக நடக்கும். பெயரை இரண்டு தரம் கேட்க வேண்டும். வாங்குகிறவரிடம் ஒரு தரம், கூட வந்தவரிடம் ஒரு தரம். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால்தான் ஊசியை வைக்கலாம். மாப்பிள்ளையின் பெயர் என்ன என்பதிலேயே பெண்ணின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இரண்டு கருத்து இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயர் விழுந்த பாத்திரம் திரும்ப வராது. அதனால் எல்லாம் வாங்கி முடித்த பிறகுதான் என்னிடம் வருவார்கள். என் ஸ்டூலும் கடையின் கடைசி மூலையில் வாசலைப் பார்த்தபடி இருந்தது. என் உயரத்துக்குக் காலை அறுத்து வைத்த ஸ்டூல். அதில் வேறு யாரையும் நான் உட்கார விட்டதில்லை. ஒருமுறை கடைக்கு வந்த போலீஸ்காரரையே எழுப்பியிருக்கிறேன்.

முதலாளியின் பெயர் கேவல்சந்த். அது ஊரில் யாருக்கும் தெரியாது. பாத்திரக் கடை சேட்டு என்றால் தெரியும். சினிமாவில் வருகிற சேட்டு மாதிரி பேசுவார் என்று எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கொசுக்கடி பட்டவர். எங்களைப் போலத்தான் பேசுவார். வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் அவர்கள் பாஷை, அதுவும் திட்டு வாங்கும்போது.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு டம்ளரை எடுத்துத் துடைக்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே பளபளவென்று இருக்கிற புது டம்ளர்தான். கோபம் ஜாஸ்தியாக ஆக டம்ளர் பெரிதாகும். ஒருநாள் அண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று விற்பனை ஆட்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல மாடிக்குப் போய்விட்டார்கள்.

இனி போணி. நாளின் முதல் விற்பனைக்கு எல்லாக் கடைகளிலும் மரியாதை உண்டு. எங்கள் கடையில் அது ஒரு வைபவம். ஷட்டரைப் பாதி தூக்கி வாசலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். கடைக்குள் ஒரு வெள்ளை மெத்தை, அதன்மேல் ஒரு திண்டு. மெத்தை விரிப்பை உதறிப் போட்டு, திண்டை இரண்டு பக்கமும் தட்டி நிமிர்த்த வேண்டும். ஊதுபத்தி ஏற்றி, மெத்தையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சேட்டு இடது காலை மடக்கி உட்காருவார். பிறகுதான் ஷட்டர் முழுசாக மேலே போகும். முதலில் வருகிற ஆளுக்கு முதல் சாமானைச் சேட்டு கையால் அந்த மெத்தையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். அதுவரை யாருக்கும் டீ கிடையாது. அதுவரை 'இல்லை' என்கிற வார்த்தையையே கடைக்குள் சொல்லக்கூடாது. குக்கர் ரப்பர் கேட்டு வந்தால், கடையில் இல்லாவிட்டாலும், "வருதும்மா, உக்காருங்க" என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனையோ பேர் வராத ரப்பருக்காக எங்கள் கடையில் காத்திருந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காரணம், கடை தொடங்கிய கதை. தீபாவளி பூஜை முடிந்து ஸ்வீட் டப்பா கொடுக்கும்போது சேட்டு அதைச் சொல்வார். டப்பா கைக்கு வர வேண்டுமென்றால் கதையைக் கேட்டாக வேண்டும்.

சேட்டின் அப்பா, நாங்கள் பெரிய சேட்டு என்று சொல்கிறவர், ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர். உறவுக்காரர் கடையில் சண்டை போட்டுக்கொண்டு ஒரு சாக்கு மூட்டை எவர்சில்வர் சாமானோடு கிளம்பிவிட்டார். ஊர் ஊராகப் போய்ப் பழைய பித்தளையை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் கனமான பித்தளை அண்டாவைக் கொடுத்து லேசான தூக்குவாளியை வாங்கிக்கொண்டு பாரம் குறைந்ததென்று சந்தோஷப்பட்டார்கள். பெரிய சேட்டும் சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷத்துக்குக் காரணம் வேறு. இந்த இடத்தைச் சொல்லும்போது சேட்டு கொஞ்சம் வேகமாகப் போவார்.

ஒருநாள் வெயில் தாங்காமல் டவுனில் ஒரு நெல் மண்டிக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார். ஆள் இல்லை. உட்கார்ந்தது மண்டிக்காரர் உட்காருகிற இடம் என்று அவருக்குத் தெரியாது. தெருவில் போன ஒரு அம்மா மூட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கரண்டி கேட்டார். பேரம் நடக்கும்போது மண்டிக்காரர் வந்து நின்றார். பெரிய சேட்டு பதறி எழுந்தார். மண்டிக்காரர் தோளில் கை வைத்து அழுத்தி, "உக்காருப்பா. யாவாரம் நடக்குது. நடுவுல எழுந்திருக்கக் கூடாது" என்றாராம். அந்த அம்மா போகிற வரைக்கும் மண்டிக்காரர் தன் கடையில் தானே ஓரமாக நின்றார். அந்த மூலையைத்தான் பிறகு பெரிய சேட்டு வாடகைக்குக் கேட்டு வாங்கி மெத்தை போட்டார். காலப்போக்கில் மண்டியே அவர்கள் கைக்கு வந்தது.

வருஷத்துக்கு வருஷம் கதை வளரும். கரண்டி, குடமாகும். குடம், அண்டாவாகும். நான் வேலையை விடுவதற்கு முந்தைய தீபாவளியில் அந்த அம்மா ஒரு கல்யாணத்துக்கான மொத்தச் சாமானையும் வாங்கிவிட்டார். ஆனால் "உக்காருப்பா" என்கிற இடம் மட்டும் மாறியதே இல்லை. அதைச் சொல்லும்போது சேட்டு தன் தோளைத் தானே தொட்டுக்கொள்வார்.

அதனால் மெத்தையை ஒரு விரல் நகர்த்த விடமாட்டார். பக்கத்துக் கடையை வாங்கி, நடுச்சுவரை இடித்தோம். சுவரோரமாக இருந்த மெத்தை இப்போது கடைக்கு நட்டநடுவில் வந்துவிட்டது. இஞ்சினியர் கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு தூண் எழுப்பி, அதில் பெரிய சேட்டின் படத்தை மாட்டினார்கள். அவருக்கு ஒரே ஒரு போட்டோதான் உண்டு. ஃப்ளாஷ் வெளிச்சத்துக்குப் பயந்து அதில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஊர் திருவண்ணாமலை. கடைக்கு நடுவில் வெள்ளை மெத்தை, ஊதுபத்தி, மாலை போட்ட படம், படத்தில் தாடியும் தலைப்பாகையுமாகக் கண் மூடிய பெரியவர். பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்கள் தண்ணீர் பாட்டில் வாங்க நுழைந்து, கைகூப்பி, "இது எந்தச் சித்தர் ஜீவசமாதிங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

"சமாதியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எங்க அப்பா. பாத்திர யாவாரம் பண்ணாரு" என்பார் சேட்டு.

"பெரியவங்க பிள்ளைங்க அப்படித்தாங்க மறைச்சிப் பேசுவாங்க" என்று அவருக்கும் ஒரு கும்பிடு போடுவார்கள்.

முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு மெத்தையில் பூ விழுந்தது. அப்புறம் கற்பூரம் வந்தது. விரிப்பில் ஓட்டை விழுந்தது. ஒருநாள் சேட்டு உட்காரப் போனபோது சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா பாய்ந்து வந்து, "இன்னாங்க, சாமி எடத்துல கால வெக்கிறீங்க?" என்று கத்திவிட்டார். தன் அப்பா மெத்தையில் உட்காரத் தான் அனுமதி வாங்க வேண்டிய நிலைமை சேட்டுக்கு. அன்று அவர் துடைத்தது அன்னக்கூடை.

இப்போது அந்தப் பௌர்ணமிக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் அதுபோல ஒரு காலை இல்லை.

முகூர்த்த மாசம். ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. சேட்டு சுவரில் இருந்த லட்சுமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத் திரும்பினார். மெத்தையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்குகிறவர்களில் ஒருவராக இருக்க வேண்டும். வேட்டி, துண்டு, ருத்ராட்சம். ஷட்டருக்கு அடியில் எப்போது குனிந்து வந்தாரோ தெரியாது. பத்மாசனம் போட்டுக் கண்ணை மூடிவிட்டார். மேலே படத்தில் பெரிய சேட்டு கண் மூடியிருக்க, கீழே இவர் கண் மூடியிருந்தார்.

அதே நேரம் ஒரு வேன் வந்து நின்றது. செங்கம் பக்கத்துக் கிராமத்துக் கல்யாணக் கூட்டம். பெண்ணின் அம்மா முன்னால் வந்தார்.

"மொதல்ல காமாட்சி விளக்கு எடுக்கணும் மொதலாளி. ராகு காலத்துக்கு முன்ன கையில வாங்கிடணும். அது வாங்காம வேற எதயும் தொட மாட்டோம்" என்றார்.

சேட்டு விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். உட்கார இடமில்லை. மெத்தையிலிருந்து கொடுக்காவிட்டால் அது போணி இல்லை. கொடுக்காமல் அனுப்பினால் அதைவிட மோசம். முதல் ஆள் வெறுங்கையோடு போன நாள் பெரிய சேட்டு காலத்திலிருந்து அந்தக் கடையில் கிடையாது. அப்படிப் போனால் அந்த இடத்தின் ராசியே போய்விடும், கடை எழுந்திருக்காது என்று அவர் மனதார நம்பினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

விற்பனையில் இருந்த செல்வம் வெள்ளைக்காரர் காதருகே போய் இருமினான். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் போய் ஒரு பெரிய சட்டியைக் கீழே போட்டான். தெருவில் நாய் குரைத்தது. வெள்ளைக்காரர் லேசாகச் சிரித்தார், கண் திறக்கவில்லை. "அக்கா, உன் மிஷின போடுக்கா" என்றான். அந்தச் சத்தத்துக்குப் பல் கூசும். நான் ஒரு தட்டை எடுத்து ஊசியை வைத்து அழுத்தினேன். அவர் அதே சுருதியில் 'ஓம்' என்று ஆரம்பித்தார். நான் நிறுத்தினால் நிறுத்துகிறார், அழுத்தினால் பாடுகிறார். கல்யாணக் கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மெத்தைய நாலு பக்கமும் புடிச்சி ஆளோட அப்படியே ஓரமா வெச்சிடலாமா மொதலாளி?" என்றான் செல்வம்.

"மெத்தை நகரக் கூடாது."

சேட்டு நரேஷ் தம்பிக்குப் போன் போட்டார். அவர், "போலீஸக் கூப்பிடுங்கப்பா" என்றார். சேட்டு போனை வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார்.

பெண்ணின் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒங்க கடை, ஒங்க எடம். எழுப்பி வுடுங்க. கம்முனு நிக்கிறீங்களே? நாங்க வேற கடை பாக்குறோம்" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

"நான் எழுப்பட்டுமா மொதலாளி?" என்றேன். போலீஸ்காரரையே எழுப்பியவள் நான்.

சேட்டு டம்ளரைத் துடைத்தபடியே தூணில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கப்பாவ யாரும் எழுப்பலியே, பச்சம்மா" என்றார்.

வருஷா வருஷம் ஸ்வீட் டப்பாவுக்காகக் கேட்ட கதை அது. அன்றைக்குத்தான் அதை அவர் மெய்யாகவே நம்புகிறார் என்று புரிந்தது.

டம்ளரைக் கீழே வைத்தார். மெத்தைக்குப் பக்கத்தில் ஓரமாக, மண்டிக்காரர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் போய் நின்றார். வெள்ளைக்காரர் தோளில் கை வைத்து, "உக்காருப்பா. யாவாரம் நடக்குது" என்றார். விளக்கை அவர் மடியில் வைத்தார். "அம்மா, வாங்க. அவர் மடியிலேர்ந்து எடுத்துக்குங்க. இன்னிக்குப் போணி அவர் கையால."

பெண்ணின் அம்மா முந்தானையை ஏந்தி விளக்கை எடுத்துக்கொண்டார். எடுத்த வேகத்தில் காலில் விழுந்தார். கூட்டமும் விழுந்தது. வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்து, எல்லோரையும் ஒருமுறை பார்த்து, இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார்.

"சாமி இன்னா சொல்லுது?" என்றார் பெண்ணின் பெரியப்பா.

"பாத்ரூம் எங்கனு கேக்குது" என்றான் செல்வம்.

அதிலும் ஏதோ அர்த்தம் இருக்கும் என்று பெரியப்பா தலையாட்டினார். அன்று அந்தக் கூட்டம் வாங்கிய சாமான்களுக்குப் பெயர் வெட்டி என் விரல் மரத்துப் போனது.

அதற்குப் பிறகுதான் நிஜமான கூத்து. அந்த மெத்தையிலிருந்து விளக்கு எடுத்தால் குடும்பம் நன்றாக இருக்கும் என்று கிராமம் கிராமமாகப் பேச்சு பரவிவிட்டது. வெள்ளைக்காரர் விசா முடிந்து அவர் ஊருக்குப் போய்விட்டார். அதனால் என்ன? தினமும் காலையில் யாராவது ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். காவி கட்டியவர், கேரளாக்காரர், ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்ட ரெப்ரசென்டேடிவ். யார் உட்கார்ந்தாலும் சேட்டு எழுப்ப மாட்டார். அவர்கள் மடியிலிருந்துதான் போணி. நரேஷ் தம்பி மெத்தையைச் சுற்றி எவர்சில்வர் கம்பி போட்டு, 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டினார். பலகையில் எழுதியது நான்தான். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

சேட்டுக்கு மட்டும் கடையில் இடமில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நாள் முழுக்க நின்றார். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். வியாபாரத்துக்கு உட்காரும் இடம் வேறு, சும்மா உட்காரும் இடம் வேறு என்பார். முட்டி வீங்கியது. அப்பா கொடுத்த இடத்தை இழந்துவிட்ட மனுஷனாக என் கண்ணுக்குத் தெரிந்தார். கடை நிரம்பி வழிகிறபோது அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் நான் பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தேன். என் ஸ்டூலில் சேட்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சின்ன ஸ்டூலில் இடது காலை எப்படியோ மடக்கிவிட்டார். எதிரே ஒரு அம்மா டம்ளரைத் தட்டிப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதுதான் முதல் விற்பனை. மெத்தையில் இன்னும் ஆள் வரவில்லை. ஆனாலும் அவர் அங்கே போகாமல் இங்கே வந்திருக்கிறார்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என் உயரத்துக்கு அறுத்த ஸ்டூல். என்னைக் கண்டதும் சேட்டு பதறிப் பாதி எழுந்தார். "கால் வலிக்குது பச்சம்மா. இதோ, எழுந்துட்டேன்" என்றார்.

என் கை தானாக அவர் தோளுக்குப் போனது. முதலாளியைத் தொட்டது அந்த ஒரு தரம்தான்.

"உக்காருங்க மொதலாளி. யாவாரம் நடக்குது இல்ல?" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். அந்த அம்மா போன பிறகு ஒரு சின்ன டம்ளரை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைத்தார். கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அதன்பிறகு ஸ்டூல் அவருடையது. நான் நின்றுகொண்டே பெயர் வெட்டினேன். கடைசியில் என் முட்டியும் வீங்கி, நான் வேலையை விட்டேன். இப்போது லேசர் மிஷின் வந்திருக்கிறது. என்னைவிட அழகாக எழுதுகிறது, அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால் பெயரை ஒரு தரம்தான் கேட்கிறது. மாப்பிள்ளை பெயரில் சண்டை வரும்போது பார்த்துக்கொள்ளட்டும்.

இதை எழுதுவதற்காக நேற்றுக் காலை கடைக்குப் போனேன். சேட்டு இன்னும் வரவில்லை. மெத்தையில் யாரோ கண் மூடி உட்கார்ந்திருந்தார். மூலையில் என் ஸ்டூல் காலியாக இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அதன்மேல் ஒரு முழம் மல்லிப்பூவும், ஒரு சிட்டிகை விபூதியும் இருந்தன.

யார் வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். விபூதியை ஊதித் தள்ளினேன். பூவை என் தலையில் வைத்துக்கொண்டேன். அவர் வருகிற வரைக்கும் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று நானே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். உயரம் இன்னும் எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் வெளியூர் அம்மா ஒருத்தர் வந்து, என் எதிரே கைகூப்பி நின்றார். "அம்மா, ஆசீர்வாதம் பண்ணி விபூதி குடுங்க" என்றார்.

கடையில் இன்னும் போணி ஆகவில்லை.

"வருதும்மா, உக்காருங்க" என்றேன்.